கர்ப்பப்பை எடுத்த பிறகு இடுப்புத்தள ஸ்கான்: செய்தவர்கள் சொல்லுங்கோ

கோண்டாவிலில் இருந்து:

கட்டிகள் இருந்ததால் போன வருசம் கர்ப்பப்பையை எடுத்தார்கள். புண் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் தும்மினால் சலம் சொட்டும். பின்னேரமானால் கீழே பாரமாக இருக்கும். தனியார் கிளினிக் ஒன்றில் காட்டியபோது, இடுப்புத்தளத் தசையை, அதாவது சலப்பை, யோனி, மலக்குடலைக் கீழிருந்து தாங்குகிற தசையை, ஸ்கானில் பார்ப்போம் என்றார் டொக்டர்.

வயிற்று ஸ்கானுக்குப் போல தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சலம் போய்விட்டுத்தான் படுக்க வேண்டும். முழங்காலை மடித்து மல்லாக்கப் படுத்தேன். வயிற்றில் வைக்கிற அதே வளைந்த புரோப்தான். அதற்குக் கையுறை மாட்டி, ஜெல் பூசி, யோனி வாசலில் வெளியே வைத்தார்கள். உள்ளே ஒன்றும் விடவில்லை, நோவும் இல்லை. வெட்கம் இருந்தது, அது வேறு கதை.

திரையில் முன் இடுப்பெலும்பு, அதன் பின்னால் சலப்பை, யோனி, மலக்குடல் என்று வரிசையாகத் தெரிந்தன. எலும்பு அசையாது, அதை வைத்துத்தான் மற்றவை எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று அளக்கிறார்கள். “சலத்தை அடக்கிற மாதிரி இறுக்குங்கோ” என்றபோது சலப்பையின் கழுத்து ஒழுங்காக மேலே போனது. “இருமுங்கோ” என்றபோதுதான் விசயம் தெரிந்தது: முதலில் சலப்பை கீழே வந்தது, தசை பிந்தித்தான் எழும்பியது. எனக்குப் பலம் குறையவில்லை, நேரம்தான் பிந்துகிறது. ‘தசை பலவீனம்’ என்று பொதுவாகச் சொல்லி அனுப்பியிருந்தால் இது தெரிந்திருக்காது. இப்போது இருமல் வரும் முன்னமே இறுக்கிவிடுகிறேன். சொட்டுவது நன்றாகக் குறைந்திருக்கிறது.

புலோலியில் இருந்து:

அக்கா, என் அம்மாவுக்கு வேறு மாதிரி. மாதக்கணக்காக வீட்டில் பயிற்சி செய்தவ. ஸ்கானில் இறுக்கச் சொன்னால் மூச்சைப் பிடித்து முக்குறா, எல்லாம் கீழே போகுது! பிசியோ திரையை அம்மாவின் பக்கம் திருப்பி, “இது மேலே வரவேணும் அம்மா” என்று காட்டினவ. பார்த்துப் பார்த்துச் செய்ய, கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. தாளில் எழுதிக் கொடுத்தால் இது வராது.

‘கர்ப்பப்பையே இல்லை, பிறகு இறங்க என்ன இருக்கு?’ என்று பெரியம்மா கேட்டா. யோனியின் மேல் முனையே இறங்கலாமாம், சலப்பையும் குடலும் அந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டு வரலாமாம். அம்மாவுக்குச் சலப்பைதான், அதுவும் கொஞ்சம்.

நல்லூரில் இருந்து:

எனக்கும் கர்ப்பப்பை எடுத்த பிறகு கீழே இறக்கம். எங்கள் வீட்டில் எல்லாரும் அந்த ஒப்பரேசனைத்தான் குறை சொன்னார்கள். முப்பரிமாண ஸ்கானில் பார்த்தால் ஒரு பக்கத் தசை எலும்பிலிருந்து கழன்றிருக்கிறது. மூத்தவன் ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை, அப்போது வந்த காயமாகத்தான் இருக்கும் என்றார் டொக்டர். முக்கும்போது தசைகளின் நடுவிலுள்ள வாசல் 25 சதுர சென்ரிமீற்றரைத் தாண்டினால் அதிகம் என்று கணக்காம், எனக்குத் தாண்டியிருந்தது. கழன்ற தசையைப் பயிற்சி ஒட்டவைக்காது. மிச்சத் தசையைப் பலப்படுத்தலாம். இறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்தாலும் திரும்ப இறங்கும் வாய்ப்பு எனக்குக் கூடவாம். அதனால் இப்போதைக்கு, இறங்காமல் தாங்க யோனிக்குள் வைக்கிற வளையம் வைத்திருக்கிறேன். திருவிழாவில் அடியழிக்கலாமோ (விழுந்து விழுந்து கும்பிட்டுக்கொண்டு போகலாமோ) என்று டொக்டரிடம் கேட்டேன். இந்த முறை நடந்து கும்பிடுங்கோ என்றார்.

ஸ்கான் செய்யப் போகிறவர்கள் சும்மா இருக்கும்போது, இறுக்கும்போது, முக்கும்போது என்று மூன்று அளவையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கோ. அடுத்த முறை ஒப்பிட உதவும்.