சீன எழுத்துக்கலை: தூரிகை ஃபான்ட் போதுமா, கையால் எழுத வேண்டுமா?

மைத்துளி:
சீனத் தேநீர் டப்பா, உணவகப் பலகை, சினிமா போஸ்டர் என்று எங்கே பார்த்தாலும் தூரிகை ஃபான்ட்தான், அதாவது தூரிகையால் எழுதியது போலத் தோன்றும் கணினி எழுத்து. சீன எழுத்துக்கலைக்கு இது பெரிய கேடு. வாங் ஷீச்சி என்ற புகழ்பெற்ற சீன எழுத்துக்கலைஞர் 353இல் ஒரு கவிதைத் தொகுப்புக்கு எழுதிய லான்டிங் முன்னுரையைப் பாருங்கள். 'ஜி' என்ற எழுத்து அதில் சுமார் 20 இடங்களில் வருகிறது, ஒன்று போல இன்னொன்று இல்லை. ஃபான்ட்டில் ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால், மை வறண்டு விழுந்த வெள்ளைக் கீறல்கூட இரண்டிலும் அதே இடத்தில் இருக்கும். எழுதியது கை இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கல்தச்சன்:
நீங்கள் சொல்லும் முன்னுரையின் அசல் இன்று இல்லையே! நாம் பார்ப்பது பிற்காலத்தில், தாங் அரசமரபின் காலத்தில் (7-10ஆம் நூற்றாண்டு) எடுத்த பிரதிகளை. அவற்றில் பேர்பெற்றது, ஓரக்கோட்டை ஒற்றியெடுத்து உள்ளே மை நிரப்பியது. கல்லில் வெட்டி, அதன் மேல் தாள் வைத்து மைப்படி எடுத்துத்தான் எத்தனையோ தலைமுறைகள் எழுதப் பழகின. படியெடுப்பதே குற்றம் என்றால் அந்த மரபில் பாதி போய்விடும்.

மைத்துளி:
படியெடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் முழுப் பக்கத்தையும் எடுத்தார்கள். எந்த எழுத்து பெரிது, எது அடுத்ததன் மேல் சாய்கிறது என்பதெல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. ஃபான்ட் ஒவ்வொரு எழுத்தையும் தனியாகப் பிய்த்து ஒரே அளவுச் சதுரத்தில் அடைக்கிறது. வரி என்ற ஒன்றே இல்லாமல் போகிறது.

சுவரொட்டி:
வடிவமைப்பாளனாக ஒன்று சொல்கிறேன். எல்லாப் பாணிக்கும் மை ஓட்டம் உயிர் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் சின்னத்தில், சிவப்பு முத்திரைக்குள் வெள்ளையாக ஓடும் மனிதன்தான் பெய்ஜிங்கின் 'ஜிங்' என்ற எழுத்து. முத்திரை எழுத்து என்ற இந்தப் பழைய பாணி கல்லில் செதுக்கப் பயன்பட்டது, அதனால் சின்னதாக அச்சிட்டாலும் கெடாது. ஆனால் ஹாங்காங்கின் பழைய கடைப் பலகைகளை விட்டுவிடாதீர்கள். வடக்கு வெய் என்ற சீன அரசமரபுக் கால (4-6ஆம் நூற்றாண்டு) கல்வெட்டுப் பாணியில், அந்தக் கடைக்கென்றே ஒருவர் எழுதிக் கொடுப்பார். நியான் குழாயை அந்தக் கோட்டின் மேல் வைத்து வளைப்பார்கள். கோடு தடிக்கும் இடத்தில் இரண்டு மூன்று குழாய் சேர்ந்து ஓடும்.

மைத்துளி:
நான் கேட்பதும் அதைத்தானே? அந்தக் கடைக்கென்று எழுதியது!

கல்தச்சன்:
சரி, பெயர்ப்பலகைக்கு எழுதியாயிற்று. அப்புறம் மெனு, விலைப்பட்டியல், இணையதளம்? தினமும் மாறும் வரிக்கெல்லாம் எழுத்துக்கலைஞரைக் கூப்பிட முடியுமா? ஒரு எழுத்துக்கு நாலு வடிவம் வைத்து, மாறி மாறி வரச் செய்யலாம். அதை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

சுவரொட்டி:
செய்யலாம்தான். ஆனால் கணினி எழுத்துகளுக்கான சீனாவின் 1980ஆம் ஆண்டு அடிப்படைத் தரப்பட்டியலிலேயே 6763 சீன எழுத்துகள். நாலு வடிவம் என்றால் 27,000க்கு மேல் வரைய வேண்டும், யார் பணம் போடுவார்கள்? நானாக இருந்தால் அடிக்கடி வரும் சில நூறு எழுத்துகளுக்கு மட்டும் செய்வேன்.

மைத்துளி:
மெனுவுக்கு அச்செழுத்தே போதும், படிக்கவும் சுலபம். தூரிகை வேடம் அதற்கு எதற்கு? நான் எழுதச் சொல்வது பெயரை மட்டும்தான். மூன்று நாலு எழுத்து, ஒரு கலைஞருக்கு ஒரு நாள் கூலி. அதைக்கூடக் கொடுக்காமல் 'பாரம்பரியம்' என்று டப்பாவில் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.