சம்பளம் ஒன்றுதான், வேலைதான் வேறு: யாரிடம் கேட்பது?

கோப்புக்காரி:
அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். ஊதிய நிலை எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால், “இங்கே என்ன பாகுபாடு?” என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். ஆனால் கள ஆய்வுப் பட்டியலில் எப்போதும் ஆண்கள்தான். “உங்களுக்கு எதுக்கு மேடம் அலைச்சல்?” என்பார் அதிகாரி, கரிசனமாகவே. கூட்டக் குறிப்பு எழுதவும், பிரிவுபசார விழாவுக்குப் பணம் வசூலிக்கவும் மட்டும் என் பெயர் தானாக வந்துவிடும். ஆண்டு மதிப்பீட்டில் இவற்றுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. கடைசியில், கள அனுபவம் போதாது என்று சொல்லிப் பிரிவின் கூடுதல் பொறுப்பை என்னைவிட இளையவருக்குக் கொடுத்துவிட்டார்கள். யாரும் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. எதை வைத்துப் புகார் எழுதுவது?

பழைய கணக்கர்:
முன்பெல்லாம் விதியிலேயே இருந்தது அம்மா. பிரிட்டனில் மணமான பெண்ணுக்கு உள்நாட்டு அரசுப் பணியில் 1946 வரை தடை. வெளியுறவுப் பணியில் 1973 வரை. அயர்லாந்திலும் 1973இல்தான் நீங்கியது. இந்திய வெளியுறவுப் பணியில் பெண் அதிகாரி மணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பணியில் இருந்து, பதவி உயர்வு மறுக்கப்பட்ட சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார்; அந்த விதிகளை 1979இல் நீதிமன்றம் வெளுத்து வாங்கியது. அவருக்குச் சுட்டிக்காட்ட அச்சில் ஒரு விதி இருந்தது. உங்களுக்கு அதுவும் இல்லை.

களப்பணியாளன்:
வெயிலிலும் மழையிலும் அலைவது சலுகையா? பெண்களே வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்திருக்கிறேன்.

கோப்புக்காரி:
சொல்லியிருக்கலாம் சார். என்னை யாரும் கேட்கவே இல்லையே, நான் எப்போது வேண்டாம் என்றேன்? அலைச்சல் உங்களுக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்த அலைச்சல்தானே பதவி உயர்வில் அனுபவமாகக் கணக்காகிறது?

தலைப்பெழுத்து:
சங்கத்தில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். “பாகுபாடு” என்று ஆரம்பித்தால் பேச்சு உங்கள் சுபாவத்தைப் பற்றிப் போய்விடும். பழைய பணி ஒதுக்கீட்டு ஆணைகளை எடுத்து, யாருக்கு எந்த வேலை போனது என்று அட்டவணை போடுங்கள். அதை இணைத்து, “கள ஆய்வுக்கு விருப்பம், சுழற்சி முறையில் ஒதுக்கக் கோருகிறேன்” என்று இரண்டே வரி. நகலில் பெறுகை முத்திரை வாங்காமல் நகராதீர்கள். மறுப்பதானால் காரணத்தை அவர்கள் எழுத்தில் தரட்டும். “அலைச்சல்” என்று கோப்பில் எழுத யாருக்கும் கை வராது.

கோப்புக்காரி:
சரி. முத்திரை போடும் இருக்கையும் என்னுடையதுதான்.

தலைப்பெழுத்து:
அப்படியானால் பக்கத்து இருக்கைக்காரரைப் போடச் சொல்லுங்கள். உங்கள் மனுவில் உங்கள் கையெழுத்து ஒன்று போதும்.