பி.எட். கற்பித்தல் பயிற்சிக்கு ஊதியம் கேட்க முடியுமா?

கொழிஞ்சாம்பாறை மாணவி:
அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த நான் (ஆந்திரத்துச் சித்தூர் அன்று), பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காக எல்லையை ஒட்டிய தனியார் பள்ளி ஒன்றுக்கு அனுப்பப்பட்டேன். வகுப்புகளைப் பார்வையிடும் முதல் வாரம் முடிந்ததுமே அறிவியல் ஆசிரியை மகப்பேறு விடுப்பில் சென்றுவிட, அவருடைய பாடவேளைகள் அனைத்தும் என் தலையில் விழுந்தன. மாலையில் பள்ளி வேனில் சென்று பிள்ளைகளை ஊர் ஊராக இறக்கிவிடுவதும், விடுமுறை நாள்களில் வீடு வீடாகச் சென்று மாணவர் சேர்க்கைக்குப் பேசுவதும் என் வேலைகளே. பாடக் குறிப்பைப் பார்த்துத் திருத்தித் தர வழிகாட்டி ஆசிரியர் என்று எவரும் இல்லை. ஊதியம் கிடையாது, இரண்டு பேருந்து மாறிச் செல்லும் செலவும் என்னுடையதே. டிப்ளமா முடித்துக் கஞ்சிக்கோட்டில் அப்ரண்டிஸாக இருக்கும் என் தம்பிக்கு மாதந்தோறும் உதவித்தொகை வருகிறது. எனக்கு ஏன் இல்லை? கேட்டால் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் கைவைத்துவிடுவார்களோ என்றும் அஞ்சுகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மீனாட்சிபுரம்:
அம்மா, உங்கள் தம்பி 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் எழுதிச் சேர்ந்திருப்பார். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் டிப்ளமா முடித்தவருக்கு 8,000 ரூபாயும் பட்டதாரிக்கு 9,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைத்தன. அதில் பாதியை நடுவண் அரசு ஏற்கிறது. உங்கள் பயிற்சியோ பாடத்திட்டத்தின் பகுதி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கி, பள்ளியில் 20 வாரக் களப்பணியைக் கட்டாயமாக்கி, அதில் 16 வாரத்தை இரண்டாம் ஆண்டில் வைத்தனவே தவிர, ஊதியத்துக்கு இடம் வைக்கவில்லை.

ஆனால் இது பயிற்சி என்பதால் ஊதியம் தரமாட்டோம் என்று சொல்லும் பள்ளி, பயிற்சி அல்லாத வேலையை உங்களிடம் வாங்கவும் கூடாது. விடுப்பில் சென்றவருக்கு மாற்றாக ஊதியம் கொடுத்து ஒருவரை அமர்த்துவது நிருவாகத்தின் பொறுப்பு. நீங்கள் பள்ளியோடு மோத வேண்டாம். உங்களை அங்கே அனுப்பியது கல்லூரி. ஆகவே முறையீடும் கல்லூரிக்கே போகட்டும். ஒவ்வொரு நாளும் எத்தனை பாடவேளை எடுத்தீர்கள், எவர் உடனிருந்து கவனித்தார் என்பதைக் குறித்து வையுங்கள். கடிதத்தில் ஊதியத்தைப் பற்றிப் பேசாமல், வழிகாட்டி ஆசிரியர் இல்லை என்ற குறையை முதலில் எழுதுங்கள். நான் பணியில் இருந்த காலத்தில் பணம் கேட்ட கடிதங்கள் மேசையிலேயே கிடந்தன. மேற்பார்வை இல்லை என்று எழுதினால் கல்லூரியிலிருந்து ஆள் வந்துவிடுவார்.

தேவிகுளத்துக்காரன்:
ஐயா சொல்வதில் பாதியை மட்டுமே ஏற்கிறேன். பாடத்திட்டத்தின் பகுதி என்பதே ஊதியத்தை மறுக்கப் போதுமான காரணமென்றால், எம்.பி.பி.எஸ். பயிற்சி மருத்துவர்களுக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை; அவர்களும் ஓராண்டுப் பயிற்சியை முடிக்காமல் பட்டம் பெற முடியாது. ஆயினும் அவர்களுக்கு உதவித்தொகை உண்டு. தில்லியிலுள்ள இராணுவ மருத்துவ அறிவியல் கல்லூரி அதைத் தராதபோது, மாதம் 25,000 ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது. அவர்கள் இல்லாமல் வார்டு நடக்காது என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆசிரியை இல்லாத வகுப்பை ஒரு மாணவி நடத்தும்போது மட்டும் அதற்கு 'அனுபவம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்த அறிவியல் பாடத்துக்கும் சேர்த்துத்தானே பெற்றோரிடம் கட்டணம் வாங்குகிறார்கள்?

எங்கள் பகுதித் தமிழ்வழிப் பள்ளிகளுக்குத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாக வரவேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். ஏறத்தாழ நான்கு மாதம் ஒரு ரூபாய் வருமானமில்லாமல் விடுதிக்கும் பேருந்துக்கும் செலவழிக்க எந்தத் தோட்டத் தொழிலாளியின் வீட்டால் முடியும்? பயணச் செலவையேனும் வெளிப்படையாகக் கேட்கத்தான் வேண்டும்.

வாளையார் வாசகி:
வேன் பணியைப் பற்றி எவரும் பேசவில்லையே. கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு அந்த வண்டியில் தங்கை தனியாகத்தானே திரும்ப வேண்டும்? பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியம் பெறாதவரையும் பயிற்சியில் இருப்பவரையும் பணியாளராகவே கொள்கிறது. வேலைக்காக நிறுவனம் தரும் வாகனமும் அதன்படி பணியிடமே. எனவே நீ எங்கள் ஊழியர் அல்லள் என்று பள்ளி கைகழுவ முடியாது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அது அங்கே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு வேன் பணி தானாகவே வேறொருவருக்கு மாறினாலும் மாறும்.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
மூவருக்கும் நன்றி. வழிகாட்டி ஆசிரியர், வேன் பணி, பேருந்துச் செலவு என்ற வரிசையில் கல்லூரி முதல்வருக்கு எழுதுகிறேன். என்னோடு அதே பள்ளியில் பயிற்சி பெறும் இருவரில் ஒருத்தி கையொப்பமிடச் சம்மதித்துவிட்டாள். மற்றவள், படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று தயங்குகிறாள். அவளையும் சேர்த்தால்தான் கடிதத்துக்கு வலு இருக்குமா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மீனாட்சிபுரம்:
வற்புறுத்தாதீர்கள், அம்மா, இருவர் போதும். பயணச் செலவைப் பற்றித் தேவிகுளத்துத் தம்பி சொன்னதை நானும் ஏற்கிறேன். ஆனால் அதற்கெனத் தனிக் கடிதம் எழுதுங்கள். ஒரே கடிதத்தில் வைத்தால் பணத்தைக் காரணம் காட்டி மற்ற இரண்டையும் கிடப்பில் போட்டுவிடுவார்கள்.