‘இன்காங்ருவென்ட் மெல்ட்டிங்’: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

மெரிடியானைட்டு என்ற கனிமத்தை விளக்கப் புகுந்தால் ‘இன்காங்ருவென்ட் மெல்ட்டிங்’ (incongruent melting) என்ற சொல் இல்லாமல் நகர முடியாது. அதில் ஒரு மெக்னீசியம் சல்பேட்டுக்கு 11 நீர் மூலக்கூறு. எடையில் 62 விழுக்காடு தண்ணீர்தான். 2 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 7 நீர் கொண்ட எப்சமைட்டு (கடையில் விற்கும் எப்சம் உப்பு) திண்மமாக நிற்கும். மிச்ச நீர் கொஞ்சம் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். திரவத்தின் இயைபு (உப்பும் நீரும் கலந்த விகிதம்) வேறு, பழைய படிகத்தின் இயைபு வேறு. ‘ஒவ்வா உருகல்’ எனலாமா?

> ஒவ்வா உருகல்

வேண்டாமே ஐயா. ‘ஒவ்வாமை’ அலர்ஜிக்குப் போய்விட்டது. உப்புக்கு அரிப்பு வந்ததுபோல் இருக்கிறது. ‘சிதைந்துருகல்’ என்றால் சுண்ணாம்புக்கல் சூட்டில் வாயுவை விடும் வெப்பச் சிதைவோடு குழம்பும். ‘பிரிந்துருகல்’ என் தேர்வு. ஒரு திண்மம், வேறொரு திண்மமாகவும் திரவமாகவும் பிரிகிறது; நடப்பது அதுதான்.

கிளாபர் உப்பில் வைத்துப் பாருங்கள். 10 நீர் கொண்ட சோடியம் சல்பேட்டு 32.4 டிகிரியில் பிரிந்துருகும். நீரற்ற உப்பு அடியில் படியும். குளிர்விக்கையில் அந்தப் படிவின்மேல் புதுப் படிகம் ஓடுபோல் மூடிக்கொள்ள, கீழிருப்பது நீரைத் தொடவே முடியாது. இந்த உப்பை வைத்து வெப்பம் சேமிக்கும் கலனின் கொள்திறன் சுற்றுக்குச் சுற்று குறைவது இதனால்தான். படியாமலிருக்கக் கெட்டிப்பான் சேர்ப்பார்கள். உடன் சேர்க்கும் வெண்காரம் (போராக்ஸ்) படிகம் உருவாகத் தொடங்கத்தான் உதவும், படிவதைத் தடுக்காது.

> பிரிந்துருகல்

சரி. ஆனால் எப்சமைட்டு வறண்ட காற்றில் ஒரு நீரை இழந்து ஹெக்ஸாஹைட்ரைட்டாவதையும் (6 நீர் கொண்டது) பிரிதல் என்பார்களே?

> பிரிதல் என்பார்களே

அங்கே திரவமே இல்லை. நீர் ஆவியாகப் போகிறது. அது ‘நீரிழப்பு’. ‘உருகல்’ ஒட்டியிருப்பதால் பிரிந்துருகல் அந்தப் பக்கம் போகாது. பனிக்கட்டிபோல் இயைபு மாறாமல் உருகுவதற்கு ‘ஒத்துருகல்’ இணையாக நிற்கும்.

ஆய்வகக் குறிப்பிலும் இச்சொல் வேண்டும். மெரிடியானைட்டின் படிக அமைப்பை அறிய எக்ஸ் கதிரில் வைக்கும்போது மாதிரித் தாங்கியே உறைநிலைக்குக் கீழே இருக்க வேண்டும். அறைச் சூட்டில் வைத்தால் பிரிந்துருகி, எப்சமைட்டின் கோடுகளே பதியும். 1837இல் வேதியியலாளர் ஃபிரிட்சே விவரித்த இந்த உப்புக்கு 12 நீர் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள்; 11 என்று உறுதியாகி, செவ்வாயின் மெரிடியானி சமவெளிப் பெயரில் கனிமமாக ஏற்கப்பட்டது 2007இல்தான்.

அட்டவணையில் ‘உருகுநிலை 2 டிகிரி’ என்று போடாமல் ‘பிரிந்துருகும் வெப்பநிலை’ என்று தனி நெடுவரிசை கொடுங்கள்.