கர்ப்பிணிக்குக் காய்ச்சலா? வீட்டில் எலி இருப்பதையும் சொல்லுங்கள்

தோட்ட மருத்துவமாது:
எலி மூத்திரம் என்றதும் நம் ஆட்கள் எலிக்காய்ச்சலைத்தான் நினைப்பார்கள். அது பாக்டீரியா, சேறு, தண்ணீர் வழியாகக் கால் புண்ணில் ஏறும். எலியிடமிருந்து தொற்றும் இன்னொன்று ஹன்டா வைரஸ், அது பெரும்பாலும் மூச்சு வழியாக வரும். காய்ந்த மூத்திரமும் புழுக்கையும் தூசியோடு பறந்தால் போதும். பிள்ளை வரப்போகிறதென்று லயக் காம்பராவை (தோட்ட வரிசை வீட்டு அறையை) கூட்டித் துப்புரவாக்குவதுதான் எனக்குப் பெரிய பயம். விறகு அடுக்கு, பழைய உரச்சாக்கு இரண்டிலும் கர்ப்பிணி கைவைக்கவே வேண்டாம்.

துப்புரவு செய்கிறவர் முன்கதவு, பின்கதவைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே நிற்கவேண்டும். ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீர், அன்றன்றே கலந்தது. புழுக்கை ஊறும்வரை மெதுவாக ஊற்றி, 5 நிமிடம் விட்டு, கையுறையோடு துணியால் அள்ளி, துணியையும் பையில் கட்டிப் போடுங்கள். காய்ந்த தரையில் தும்புத்தடி படக்கூடாது.

மகப்பேற்று விடுதித் தாதி:
"இந்த வாரம் எலி கண்டீர்களா?" என்று கேட்டால் பிடிபடாது. ஹன்டா தொற்றி 1 முதல் 8 வாரத்துக்குள் காய்ச்சல் வரும், அதிகமாக 2 முதல் 4 வாரத்தில். திடீர்க் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கடும் இடுப்புவலி. அந்த இடுப்புவலியைப் பிரசவ வலி என்று வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள், அதுதான் ஆபத்து.

சிறுநீரில் புரதம், குறையும் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணு), ஏறும் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவு): மூன்றும் சேர்ந்தால் கர்ப்பகால பிரஷர் என்றே தோன்றும். ஆனால் ஹன்டாவில் காய்ச்சல் முதலில் வரும், தொடக்கத்தில் பிரஷர் விழக்கூடும். மூத்திரம் குறையும் கட்டத்தில் பிரஷர் ஏறினால் குழப்பம் கூடும். ஆகவே டெங்கு, எலிக்காய்ச்சல் பரிசோதனைகளோடு ஹன்டா ஐஜிஎம் (இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனை) பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

வைத்திய அதிகாரி:
மேலே சொன்னதோடு மருந்தும். டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பரசிட்டமோல் மட்டும், அளவோடு. ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கர்ப்பத்தில் கூடாது. எலிக்காய்ச்சல் சந்தேகம் இருந்தால் முடிவு வரும்வரை காத்திராமல் பெனிசிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தைத் தொடங்கலாம், அதே வகையான டாக்சிசைக்ளினை கர்ப்பத்தில் தவிர்க்கிறோம்.

சேலைன் ஏற்றுவதில்தான் கை நடுங்கும். கூடினால் நுரையீரலில் நீர் கோர்க்கும், குறைந்தால் சிறுநீரகம் நிற்கும். மணிக்கு மணி மூத்திரம் அளக்கவேண்டும். 30 மில்லிலீட்டருக்குக் கீழே போனால் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். தாயின் ஒட்சிசன் இறங்கினால் பிள்ளையின் இதயத்துடிப்பும் மாறும், அதையும் பார்க்கவேண்டும். தேறும்போது நாளைக்கு 3 லீட்டருக்கு மேலும் மூத்திரம் போகலாம். மூத்திரம் வந்துவிட்டதே என்று அப்போது துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) வீட்டுக்கு அனுப்பினால் உடம்பு வறண்டு, உப்புச் சத்தும் இறங்கித் திரும்ப வருவார்கள்.