லேப்டாப்ல பளிச்சுனு இருக்கு, ப்ரொஜெக்டர்ல படிக்கவே முடியல: ஸ்லைடு உதவி தேவை

கேள்வி (புது_முயற்சி):
எல்லாருக்கும் வணக்கம். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு பவர்பாயின்ட்ல ஸ்லைடு ரெடி பண்ணிருக்கேன். லேப்டாப்ல நல்லா இருக்கு, ஆனா ஹால்ல போட்டுப் பாத்தப்ப பின்வரிசைல இருந்து ஒண்ணும் தெரியல, அதுவும் ஒவ்வொரு ஸ்லைடுலயும் எழுத்து சைஸ் வேற வேறயா இருக்கு, நான் எங்கயும் சைஸ தொடவே இல்ல. இன்னொண்ணு, ஹால் கம்ப்யூட்டர்ல தமிழ் வரியெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கந்தரகோலமா வந்துச்சு. அடுத்த வாரம் ஃபைனல் ரிவ்யூ. கடைசி வரிசைல இருக்கவங்க படிச்சா போதும், வேற ஒண்ணும் வேணாம்.

பதில் (கடைசி_பெஞ்ச்):
சைஸ் மாறுறது ஆட்டோஃபிட் வேலை ப்ரோ. பெட்டிக்குள்ள டெக்ஸ்ட் அதிகமானா பவர்பாயின்ட் தானா எழுத்தக் குறைச்சு உள்ள அடக்கிடும், வரி இடைவெளியையும் சேத்து நசுக்கிடும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் "ஆட்டோஃபார்மேட் ஆஸ் யூ டைப்" டேப்ல பாடி டெக்ஸ்ட் ஆட்டோஃபிட் டிக்க எடுத்துடுங்க. ஏற்கனவே சுருங்கின பெட்டிக்கு ஃபார்மேட் ஷேப்ல டெக்ஸ்ட் பாக்ஸ் பகுதில "டு நாட் ஆட்டோஃபிட்" குடுக்கணும். அப்புறம் டெக்ஸ்ட் பெட்டிய விட்டு வெளிய வழியும். வழியட்டும், அதுதான் அந்த ஸ்லைட ரெண்டா உடைக்கணும்னு உங்களுக்குத் தெரியுற இடம், தயவுசெஞ்சு திரும்ப சைஸக் குறைச்சு உள்ள தள்ளாதீங்க.

லேப்டாப்ல ஏன் நல்லா தெரியுதுன்னா நீங்க அரை மீட்டர் தள்ளி உக்காந்து பாக்குறீங்க. ஹால்ல திரை 1.5 மீட்டர் உயரம், கடைசி வரிசை 9 மீட்டர் தூரம்னு வைங்க, அதாவது திரை உயரத்தப் போல 6 மடங்கு. 15.6 இன்ச் லேப்டாப் திரை கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர் உயரம், அதோட 6 மடங்குன்னா ஒரு 4 அடி. ஸ்லைட ஃபுல் ஸ்கிரீன்ல போட்டுட்டு 4 அடி பின்னாடி நின்னு படிங்க, கடைசி வரிசைக்காரருக்கும் எழுத்து அதே அளவுலதான் தெரியும். உங்க ஹால் அளவுக்கு இந்தக் கணக்க மாத்திக்குங்க. நான் பாடி டெக்ஸ்ட் 24 பாயின்ட் சைஸுக்குக் கீழ இறங்க மாட்டேன்.

பதில் (எழுத்தாணி):
தமிழ் கந்தரகோலமானதுக்கு காரணம் நீங்க பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்சிருப்பீங்க. அதுல உள்ள இருக்கது இங்கிலீஷ் எழுத்துதான், ஃபாண்ட் இல்லாத மெஷின்ல அது வெளிய வந்துடும். கன்வர்ட்டர் வச்சு, தமிழ தமிழாவே சேமிக்கிற யூனிகோடுக்கு மாத்திட்டு நிர்மலா யுஐ ஃபாண்ட் போடுங்க, விண்டோஸ் 8ல இருந்து கூடவே வருது. நோட்டோ சான்ஸ் தமிழ் பிடிக்கும்னா அது இலவசம், ஆனா ஆப்ஷன்ஸ், சேவ்ல போய் ஃபாண்ட எம்பெட் பண்ணிடுங்க, அதாவது ஃபைலுக்குள்ளயே சேத்துடுங்க. வரி இடைவெளி 1.2 ஆவது வைங்க, மேல் வரி "கு", "மூ"வோட அடிப்பகுதி கீழ் வரி "கி", "மீ"யோட மேல் வளைவுல இடிச்சா படிக்கவே கஷ்டம், ஆட்டோஃபிட் நசுக்குனா இது இன்னும் மோசமாகும். பிடிஎஃப் காப்பி ஒண்ணும் பென்டிரைவ்ல இருக்கட்டும், அனிமேஷன் போயிடும் ஆனா எழுத்து மாறாது.

புது_முயற்சி:
ரொம்ப நன்றிங்க, ரெண்டும் சரியாச்சு. கலர் பத்தியும் சொல்லுங்களேன், கருப்பு பேக்கிரவுண்டுல சாம்பல் எழுத்து வச்சிருக்கேன். அப்புறம் 12 வரிசை டேபிள் ஒண்ணு இருக்கு, அத உடைக்கவும் முடியாது.

பதில் (கடைசி_பெஞ்ச்):
ப்ரொஜெக்டரால கருப்ப அடிக்க முடியாது, வெளிச்சம் விழாத இடந்தான் கருப்பு. ஹால்ல லைட் எரிஞ்சா அந்த இடம் சாம்பலாயிடும், உங்க சாம்பல் எழுத்து அதுலயே கரைஞ்சுடும். லைட்ட அணைக்க மாட்டாங்கன்னா வெள்ளை பேக்கிரவுண்ட், கருப்பு இல்ல கருநீல எழுத்து. வெப்சைட்டுகளுக்கான டபிள்யூசிஏஜி விதில சாதா எழுத்துக்கு குறைஞ்சது 4.5:1 கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பேக்கிரவுண்டுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) கேக்குறாங்க, 999999ங்கிற கலர் கோட் உள்ள சாம்பல் வெள்ளை மேல 2.85:1தான் வரும், ப்ரொஜெக்டர்ல அது இன்னும் வெளுக்கும். கிராஃப்ல சிவப்பு பச்சைய மட்டும் நம்பாதீங்க, அந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியாதவங்க இருப்பாங்க, கோட்டுப் பக்கத்துலயே பேர எழுதிடுங்க.

பதில் (எழுத்தாணி):
டேபிள்ல நீங்க வாய்விட்டு பேசப்போறது எத்தன வரிசை? அத மட்டும் பெருசா காட்டுங்க, தலைப்பையும் "ரிசல்ட்"னு விடாம "ரெண்டாவது முறைல நேரம் பாதியா குறைஞ்சுது"ன்னு விஷயத்தையே எழுதுங்க. முழு டேபிள் கடைசி ஸ்லைடா இருக்கட்டும், ரைட் கிளிக் பண்ணி ஹைட் ஸ்லைடு குடுத்துடுங்க. யாராவது கேட்டா ஷோ ஓடும்போதே அந்த ஸ்லைடு நம்பர அடிச்சு என்டர் தட்டுங்க, ஹைட் பண்ணிருந்தாலும் திறக்கும். வந்த இடத்து நம்பரையும் நோட் பண்ணி வைங்க, திரும்ப வரவும் அதே வழிதான்.