முட்டை சேர்க்காத லசான்யா ஷீட்டை பெங்களூரில் வாங்க முடியுமா, வீட்டிலேயே செய்யலாமா?

அல்சூர் ஏரிக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் மகள் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வருகிறாள். அவளுக்கு மிகவும் பிடித்த லசான்யாவை (தட்டையான பாஸ்தா ஷீட்டுகளைச் சாஸ், சீஸுடன் அடுக்கி ஓவனில் சுடும் இத்தாலிய உணவு) வீட்டிலேயே செய்து தர ஆசைப்படுகிறேன். மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். அவரும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதால் முட்டை இல்லாமல்தான் செய்தாக வேண்டும்.

பெட்டியில் வரும் உலர்ந்த ஷீட்டை வைத்து ஒரு முறை செய்து பார்த்தேன். நடுப்பகுதி வெந்திருந்தது, ஓரங்கள் மட்டும் கடிக்க முடியாதபடி விறைத்துப்போயின. பிறகு மைதாவைச் சப்பாத்தி மாவின் பதத்தில் பிசைந்து, உடனே தேய்த்து, நான்கு ஷீட்டுகளை ஒன்றாகக் கொதிநீரில் போட்டேன். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன; கரண்டியால் பிரிக்கப் போனபோது களியைப் போல வழிந்து கிழிந்துவிட்டன.

புதிதாகத் தேய்த்த ஷீட் இங்கே கடைகளில் கிடைக்குமா? வீட்டில் செய்வதென்றால் எந்த மாவு சரியாக வரும்? இயந்திரம் வாங்காமல் பூரிக்கட்டையாலேயே தேய்க்க முடியுமா?

ஜெயநகர் நான்காம் பிளாக் எழுதியது:

வணக்கம் சகோதரி. இறக்குமதிப் பொருள்கள் விற்கும் பெரிய கடைகளின் குளிர்பெட்டியில் புதிய ஷீட் சில சமயம் கண்ணில் படும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை முட்டை சேர்த்தவை. உறையின் மேலுள்ள புள்ளியின் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். உங்கள் தேவைக்கு வீட்டில் செய்வதே நல்லது; அதற்கான மிக நல்ல பொருள் உங்கள் தெருமுனை மளிகைக் கடையிலேயே இருக்கிறது.

நம் ஊரில் உப்புமாவுக்கு வாங்குகிறோமே, அந்த பன்சி ரவையைத்தான் சொல்கிறேன். அது டூரம் என்னும் கடினக் கோதுமையிலிருந்து உடைக்கப்படுவது. தென் இத்தாலியில் முட்டை சேர்க்காமல், தண்ணீர் மட்டுமே விட்டுப் பிசையும் பாஸ்தாவுக்கு ஆதாரமே இந்த வகைக் கோதுமைதான். வெறும் மைதா கொதிநீரில் குழைந்துபோகும் இடத்தில் டூரம் மாவு உருக்குலையாமல் நிற்கும். ஒரே ஒரு சிரமம், உப்புமா ரவை பாஸ்தாவுக்குக் கரகரப்பானது. எனவே மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள்.

என் அளவு இது: மைதா 200 கிராம், சலித்த பன்சி ரவை மாவு 100 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 150 மில்லி, ஆலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் ஐந்து அடுக்குக்கு இது தாராளமாகப் போதும். இத்தாலியிலிருந்து வரும் 'டபுள் ஜீரோ' மாவுக்காக அதிகம் செலவழிக்க வேண்டாம். அந்த எண் மாவு எவ்வளவு சுத்திகரிக்கப்பட்டது என்பதைக் குறிப்பது, நம் மைதாவும் அதே அளவு நைசானதுதான்.

பிசையும்போது முதல் ஐந்து நிமிடம் மாவு வறண்டு, வெடித்து, தண்ணீர் போதவில்லை என்றே தோன்றும். அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். ரவை மெதுவாகத்தான் ஈரத்தை இழுக்கும். பத்து நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்த பிறகு கட்டைவிரலால் குத்திப் பாருங்கள். குழி மெல்ல மேலெழும்பி வந்தால் பதம் சரி. சப்பாத்தி மாவைவிட இது நன்றாகவே கெட்டியாக இருக்கும். பிறகு மூடி வைத்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். நீங்கள் உடனே தேய்த்ததால் மாவு சுருங்கிச் சுருங்கி உள்ளே வந்திருக்கும், ஷீட்டும் தடிமனாகியிருக்கும். பசைத்தன்மை தளர்வதற்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும்.

கன்டோன்மென்ட் சமையற்கட்டு எழுதியது:

பல வருடங்கள் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், வேகவைப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன் அம்மா. மேலே சொன்ன மாவு அளவு சரியானதே. முட்டை சேர்ப்பவர்கள் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று வைத்துக்கொள்ளலாம். வட இத்தாலியில் பொலோனியா பக்கம் அதுதான் வழக்கம்.

அகலமான பாத்திரத்தில் ஒரு லிட்டருக்கு 10 கிராம் உப்பு சேர்த்து, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு நேரத்தில் இரண்டு ஷீட்டுக்கு மேல் போடாதீர்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எனவே புத்தகங்களில் ஒரு நிமிடம் என்று போட்டிருந்தால் நீங்கள் ஒன்றரை நிமிடம் கொடுக்கலாம். எடுத்தவுடன் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, ஈரம் போகும்படி பருத்தித் துணியில் தனித்தனியாகப் பரப்புங்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால்தான் ஷீட்டுகள் ஒட்டும்.

உலர்ந்த ஷீட்டின் ஓரம் விறைத்ததற்குக் காரணம், அங்கே சாஸ் எட்டவில்லை. புதிய ஷீட்டானாலும் ஓரம் வரை வெள்ளைச் சாஸைத் தடவுங்கள் (வெண்ணெய் 50 கிராம், மைதா 50 கிராம், பால் அரை லிட்டர், சிறிது ஜாதிக்காய்). தட்டை ஃபாயிலால் மூடி 180 டிகிரியில் 25 நிமிடம், பிறகு திறந்து 10 நிமிடம்.

உங்கள் மாமியாருக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அசல் பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். முட்டையைத் தவிர்த்துவிட்டு இதைச் சேர்த்துவிட வேண்டாம். பச்சைப் புள்ளியுள்ள சீஸாகப் பார்த்து வாங்குங்கள்.

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் எழுதியது:

இயந்திரம் இல்லாமல் முடியுமா என்று கேட்டிருக்கிறாய் அம்மா. வீட்டில் அப்பளம் இட்ட கைகளுக்கு இது புதிய வேலை இல்லை. உளுந்து மாவில் பிரண்டைச் சாறு விட்டு, உலக்கையால் இடித்து, உருண்டைகளை எண்ணெய்த் துணியால் மூடி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இடுவோம். அதே முறையை இங்கேயும் வைத்துக்கொள். மாவை நான்காகப் பிரித்து, ஒன்றை மட்டும் வெளியே எடு, மற்ற மூன்றும் ஈரத்துணிக்குள் இருக்கட்டும். நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தேய்த்து, கால் சுற்று திருப்பி, மறுபடியும் தேய். கை வைத்துத் தூக்கிப் பார்த்தால் அடியில் உன் விரல்களின் நிழல் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. ஒட்டாமலிருக்க மைதா தூவாதே, அது தண்ணீரில் பசையாகிவிடும். அரிசி மாவு தூவு.

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று பாதி அளவில் செய்து பார்த்தேன். முதல் ஷீட் தடிமனாகிவிட்டது. மூன்றாவதைத் தூக்கியபோது என் வளையலின் நிழல்கூடத் தெரிந்தது. அது கொதிநீரில் கிழியாமல் முழுதாக வந்தது. மாமியார் ஒரு துண்டைச் சாஸ் இல்லாமல் அப்படியே சாப்பிட்டுப் பார்த்து, உப்பு சரியாக இருக்கிறது என்றார். மகள் வருவதற்கு முன்பே ஷீட்டுகளைத் தேய்த்து எடுத்து வைக்கலாமா?

ஜெயநகர் நான்காம் பிளாக் எழுதியது:

தாராளமாக வைக்கலாம். வேகவைக்காத ஷீட்டுகளின் மேல் ரவை தூவி, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். வெளியே எடுத்து உருக விடாமல், நேராகக் கொதிநீரில் போடுங்கள்.